கடுவனா... பெட்டையா?

உங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த போட்டோ கண்டிப்பாக ஒருதரம் வந்திருக்கும். அட்டைப்பெட்டிக்குள் நாலு பூனைக்குட்டி. கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் ஷேக். கீழே, 'க்யூட் குட்டீஸ்... வேணும்கிறவங்க சொல்லுங்கப்பா'. அவ்வளவுதான், ஹார்ட் பறக்கும். 'சோ ஸ்வீட்', 'அய்யோ, அந்த வெள்ளை எனக்கு' என்று குவியும். ராத்திரி ஒன்பது மணிக்கு எண்ணிப் பார்த்தால் ஹார்ட் மட்டும் நாற்பதைத் தாண்டியிருக்கும். குட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்? முட்டை! மறுநாள் அந்தப் பெட்டி எங்கே போனது என்று குரூப்பில் ஒரு ஜீவன்கூட கேட்காது.

அந்த ஹார்ட்டை எப்படி வீடாக மாற்றுவது? இந்த வாரம் நம்ம மேட்டர் இதுதான். உலகம் பூராவும் விலங்குக் காப்பகக்காரர்கள் இதற்காக மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். சிலது செம காமெடி, சிலது பக்கா சயின்ஸ். அதில் எது நம்ம திருமங்கலத்துக்கு செட் ஆகும், எது ஆகாது என்று பார்த்துவிடலாம். (மதுரைக்காரர்கள் 'திருமங்கலமா, அது பைபாஸ் ஸ்டாப்பிங்ல?' என்பார்கள். சொல்லிட்டுப் போறாங்க.)

முதலில் நோய் எங்கே என்று பிடிப்போம். நம்ம ஏரியாவில் யாரிடமாவது "பூனைக்குட்டி வேணுமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த செகண்ட் வரும் கேள்வி, "கடுவனா, பெட்டையாப்பா?" கடுவன் என்றால் முகம் மலரும். பெட்டை என்றால், "அது வருஷத்துக்கு ரெண்டு தரம் அட்டாலில குட்டி போட்டு வச்சிரும்ப்பா, யாரு பாக்குறது?" என்று பதில் வரும். அதற்கும் சம்மதித்தவர் குட்டியின் கலரைப் பார்த்ததும், "கறுப்பா இருக்கே... வீட்ல பெருசுக திட்டும்" என்று ஜகா வாங்குவார். ஆக, கறுப்பாகவும் பெட்டையாகவும் பிறந்த குட்டிக்கு முதல் செமஸ்டரிலேயே ரெண்டு அரியர்.

வேண்டாத குட்டிகளுக்கு என்ன நடக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சாக்குப்பை. குண்டாற்றுக்கு அந்தப் பக்கம், இல்லையென்றால் மீன் கடைப் பக்கம், அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு ஹாஸ்டல் மெஸ் பின்வாசல். "கொன்னா பாவம், அதான் விட்டுட்டு வந்துட்டோம்" என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கண் திறந்து பத்து நாள் ஆன குட்டிக்கு அது என்ன புண்ணியமோ! இத்தனைக்கும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டால் குற்றம் என்று 11-ஆம் பிரிவில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதிய அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை. நாலு ரோட்டுப் பக்கம் ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்டுக்கே அதைவிட அதிகம் ஆகும்.

சரி, பெட்டைக்குப் பயப்படுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது பாஸ். பெண் பூனை நாலைந்து மாசத்திலேயே சினை பிடிக்கலாம். ஒன்பது வாரத்தில் குட்டி. ஒரு ஈற்றுக்கு மூன்று, நான்கு. சில போஸ்டர்களில் 'ஒரு ஜோடிப் பூனை ஏழு வருஷத்தில் 4,20,000 ஆகும்' என்று பயமுறுத்துவார்கள். எம்-3 பேப்பரில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆன எனக்கே அது இடித்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது வந்த விடை 100-லிருந்து 400 வரைதான். பிறக்கிற குட்டிகளில் பாதிக்கு மேல் பிழைப்பதே இல்லையே, அதையும் கழிக்க வேண்டாமா? ஆனால் 100 என்பதே உங்கள் தெருவுக்கு எக்கச்சக்கம்.

அதனால் நான் படித்துப் பார்த்தவரை, பூனைக்கு வீடு பிடிக்க உலகத்திலேயே பெரிய விளம்பர டெக்னிக் எது என்றால், கருத்தடை ஆபரேஷன். சிரிக்காதீர்கள். 'பெட்டைதாண்ணே, ஆனா ஆபரேஷன் முடிஞ்சிருச்சு' என்று ஒரு வரி சேர்த்தால் முதல் கேள்வியே காலி. நம்ம சென்னை ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா 1959-இல் ஆரம்பித்தது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்று அவர்கள் 1964-இலேயே தொடங்கிவிட்டார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். இன்று நாடு முழுக்க 'ஏ.பி.சி.' என்கிறோமே, அந்தப் பெயரும் அங்கே வைத்ததுதான். நாய்க்கு இவ்வளவு சரித்திரம் இருக்கிறது. 2001-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின் பெயரிலேயே 'நாய்கள்' என்றுதான் இருந்தது. பூனை பாவம், வெயிட்டிங் லிஸ்ட்.

இப்போது டெக்னிக் ஏரியாவுக்குள் போவோம். 2010-இல் அமெரிக்காவில் ஒரு காப்பகத்தில் ஆராய்ச்சி செய்தார்கள். பூனை பார்க்க வருகிறவர்கள் எந்தக் கூண்டின் முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள்? விடை ரொம்ப சிம்பிள். நம் கண் உயரத்தில் இருக்கும் கூண்டுகள். உள்ளே ஒரு பொம்மை கிடக்கும் கூண்டுகள். அவ்வளவுதான்! கீழ்த்தட்டுப் பூனையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நாம் என்ன செய்கிறோம்? பெட்டியைத் தரையில் வைத்து, நின்றபடியே மேலேயிருந்து போட்டோ எடுக்கிறோம். நாலு முதுகும் எட்டுக் காதும்தான் தெரியும். குப்புறப் படுத்து எடுங்கள். பூனையின் கண்ணும் கேமராவும் ஒரே உயரத்தில் வரட்டும். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கறுப்புக்குட்டி என்றால் பின்னாடி வெளிர்நிற வேட்டியோ துண்டோ விரியுங்கள். இல்லையென்றால் படத்தில் ரெண்டு கண்ணும் ஒரு இருட்டும்தான் வரும். ஒரு நூல்கண்டோ, பாட்டில் மூடியோ பக்கத்தில் கிடக்கட்டும். (நூலை அது விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.)

அடுத்து ஒரு சண்டை. இலவசமாகக் கொடுக்கலாமா, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா? "ஓசில வந்தா மதிப்பு இருக்காது" என்பது எங்கள் வீட்டில் அப்பத்தா முதல் அப்பா வரை எல்லோரும் சொல்லும் வசனம். காப்பகக்காரர்களுக்கும் இதே பயம் இருந்தது. 2009-இல் வந்த ஒரு ஆய்வில், பணம் கட்டி எடுத்தவர்களையும் சும்மா எடுத்தவர்களையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். பூனை மேல் இருக்கிற பாசத்தில் வித்தியாசமே இல்லை! அதே 2009 ஜனவரியில் நம்ம ஊர் இடைத்தேர்தலில் பிறந்த 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற வார்த்தையை நாடே பேசியது. பூனைக்கு அந்த ஃபார்முலா வேண்டாம், கவரெல்லாம் கொடுக்க நம்மிடம் ஏது. ஆனால் 'கட்டணம் இல்லை' என்று தைரியமாகப் போர்டு போடலாம். கட்டணத்துக்குப் பதில் கேள்வி கேளுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெனிசில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டி என்று ஒரு இடம். அங்கே இருக்கிற விலங்குக் காப்பகத்தில் 'புக் படீஸ்' என்று ஒரு திட்டம். வாசிக்கத் திணறுகிற சின்னப் பிள்ளைகள் வந்து பூனைகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கதை வாசிப்பார்கள். தப்பாக வாசித்தாலும் பூனை சிரிக்காது, திருத்தாது. பிள்ளைக்கு வாசிப்பு வரும், பூனைக்கு மனிதக் குரல் பழகும். 2014-இல் அந்தப் படங்கள் உலகம் பூராவும் சுற்றின. எனக்குப் பார்த்ததும் தோன்றியது, நம்ம வைவா! எக்ஸ்டர்னல் முன்னாடி நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆட்களெல்லாம் ஒரு வாரம் பூனை முன்னாடி உட்கார்ந்து ட்ரான்ஸ்ஃபார்மர் தத்துவம் சொல்லிப் பாருங்கள். பூனையும் எக்ஸ்டர்னல் மாதிரியே எங்கேயோ பார்த்துக்கொண்டு கொட்டாவி விடும். செம ட்ரெயினிங்.

கேட் கஃபே பற்றிச் சொல்லாவிட்டால் தெய்வக்குத்தம். 1998-இல் தைவானின் தைபேயில் ஆரம்பித்து, ஜப்பானுக்குப் போய்ப் பெரிய ஹிட் ஆன ஐடியா. மும்பை வெர்சோவாவிலும் கேட் கஃபே ஸ்டுடியோ என்று ஒன்று வந்தது. அங்கே காபி குடித்தபடி கூட விளையாடலாம், பிடித்துப்போனால் தத்தெடுக்கலாம். நம்ம ஊருக்கு? சான்ஸே இல்லை. டீக்கடையில் சால்னா கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓசியில் உட்கார்ந்திருக்கிற பூனையைப் பார்க்க, இங்கே யார் முந்நூறு ரூபாய் கொடுப்பார்கள்? ஆனால் உள்ளே இருக்கிற பாயிண்ட் உண்மை. போட்டோ பார்த்து எடுத்த முடிவு வேறு, அரைமணி நேரம் மடியில் வைத்திருந்து எடுத்த முடிவு வேறு. அதனால் 'வேணும்' என்கிறவரிடம் உடனே பெட்டியைத் திணிக்காமல், "சாயங்காலம் வாங்க, உக்காந்து பாருங்க" என்று சொல்லுங்கள்.

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 2017 செப்டம்பரில் ஓகாகி ஊரில் யோரோ ரயில்வே ஒரு லோக்கல் ரயிலுக்குள் முப்பது பூனைகளை விட்டு ஓட்டியது. ஆதரவில்லாத பூனைகளைப் பற்றி மக்களிடம் பேசுவதற்காக. அதற்கும் பத்து வருஷம் முன்னால், 2007-இல், கிஷி என்ற குட்டி ஸ்டேஷனுக்கு 'டாமா' என்ற மூணு கலர்ப் பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே போட்டார்கள், தொப்பியோடு! நஷ்டத்தில் மூட இருந்த அந்த ரூட்டுக்கு டூரிஸ்ட் கூட்டம் வந்தது. 2015-இல் டாமா இறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சலிக்கு வந்தார்கள். திருமங்கலம் ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தில் ஒரு மூணு கலர் அம்மணி சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். தொப்பி மட்டும்தான் பாக்கி. (ஜெனெடிக்ஸ் துணுக்கு: மூணு கலர்ப் பூனை கிட்டத்தட்ட எல்லாமே பெட்டைதான். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வரும் விளையாட்டு. யாராவது 'மூணு கலர்ல கடுவன் வேணும்' என்று கேட்டால், லாட்டரிச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.)

எனக்கு ரொம்பப் பிடித்த ஐடியா 'வேலைக்காரப் பூனை'. மனிதர்களிடம் ஒட்டாத, தூக்கினால் பிறாண்டுகிற பூனைகளை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சிகாகோவில் ட்ரீ ஹவுஸ் என்ற அமைப்பு, 2012-லிருந்து அப்படிப்பட்ட பூனைகளுக்குக் கருத்தடை செய்து, எலித்தொல்லை இருக்கிற குடோன்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பியது. கிட்டத்தட்ட பிளேஸ்மென்ட் செல்! லண்டனில் பிரதமர் வீட்டுக்கே 2011-இல் பேட்டர்ஸீ காப்பகத்திலிருந்து 'லாரி' போனார். பிரதமர்கள் வரிசையாக மாறினார்கள், லாரி மாறவில்லை. இப்போது நம்ம ஊரை யோசியுங்கள். அரிசி மண்டி, பருத்திவிதைக் கடை, கப்பலூர் சிட்கோ குடோன்கள்... எலி இல்லாத இடம் உண்டா? ஒரே கண்டிஷன். கொண்டுபோய் விட்ட அன்றைக்கே திறந்துவிட்டால் ஓடிவிடும். மூணு நாலு வாரம் ஒரு ரூமில் வைத்துச் சாப்பாடு போட்டு, 'இதுதான் நம்ம இடம்' என்று பழக்க வேண்டும். அப்புறமும் தினமும் சாப்பாடு வைக்க வேண்டும். 'பட்டினி போட்டாத்தான் எலி பிடிக்கும்' என்பது சுத்தப் பொய். பசித்த பூனை பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

கறுப்புக்கு வருவோம். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்கிற அதே ஊரில்தான், வைணவப் பெரியவர்கள் கடவுளின் கருணைக்கே பூனையை உதாரணம் சொன்னார்கள். மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தானாகத் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும். இதை ஒரு அய்யங்கார் வீட்டுப் பாட்டியிடம் எடுத்துவிட்டுத்தான் என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு குட்டியைத் தள்ளிவிட்டான் என்றால் நம்புவீர்களா?

கதை இருந்தால் பூனை போணியாகும், அதுதான் விஷயம். 2020 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? கொரோனா பயத்தின் ஆரம்பம். சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பொம்மைக் கன்டெய்னருக்குள் ஒரு பூனை. 'திருப்பி சீனாவுக்கே அனுப்பு' என்றார்கள் அதிகாரிகள். பூனையால் கொரோனா பரவாது என்று பீட்டா இந்தியா சண்டை பிடித்தது. பேப்பரெல்லாம் வந்தது. கூண்டில் பல வாரம் கிடந்து, கடைசியில் அது அவர்கள் கைக்கு வந்தது. தெருவில் அதே மாதிரிப் பூனை ஆயிரம் திரிந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இதற்கு மட்டும் எப்படி ஊரே பேசியது? இதற்கு ஒரு கதை இருந்தது.

இந்தப் பாடத்தை வைத்து நாங்கள் ஒரு வேலை பார்த்தோம். எங்கள் ஹாஸ்டல் மெஸ் பின்னாடி ஒரு மூணு கலர் அம்மாவும் நாலு குட்டியும். செமஸ்டர் லீவ் விட்டால் மெஸ் மூடிவிடும். மெஸ் மூடினால் மீன்தலை கிடையாது, தயிர்சாதம் கிடையாது. (தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூனைக்கு டாரின் என்கிற சத்து மீன், கறியிலிருந்துதான் கிடைக்கும். அது இல்லையென்றால் கண்ணும் இதயமும் போய்விடும்.) எட்டு வாரம் தாயிடம் விட்டோம். அப்புறம் 'க்யூட் குட்டீஸ்' போடாமல், கல்யாணத் தரகர் ஸ்டைலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாதகம் அடித்தோம். 'பெயர்: இட்லி. நிறம்: சாம்பல் கோடு. குணம்: சாது, மடி கிடைத்தால் தூக்கம். எதிர்பார்ப்பு: தினம் ஒரு மீன், மாடிப்படி இருந்தால் விசேஷம். பழக்கவழக்கம்: மண்தட்டில்தான் போகும்.' ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, ஜெராக்ஸ் கடை, சலூன் எல்லாவற்றிலும் ஒட்டினோம். மதுரை மண்ணில் ஃப்ளெக்ஸ் இல்லாத விசேஷம் உண்டா? ஒரு சின்ன ஃப்ளெக்ஸ். நடுவில் அம்மா பூனை, சுற்றிலும் வட்டம் வட்டமாக எங்கள் தலைகள், கையில் செல்போனோடு. 'வரன் தேடும் நால்வர்'. படித்துவிட்டுச் சிரித்தவர்கள்தான் நின்றார்கள், நின்றவர்கள்தான் விசாரித்தார்கள்.

குட்டி வேண்டாம் என்றவர்களையும் சும்மா விடவில்லை. மொய் நோட்டு! மேசை போட்டு, மஞ்சள் தடவின நோட்டில் 'தாயார் ஆபரேஷன் வகைக்கு' என்று தலைப்பு எழுதி உட்கார்ந்துவிட்டான் எங்கள் மாப்ளை ஒருத்தன். இருபது, ஐம்பது, ஒரு லேப் அட்டெண்டர் அண்ணன் நூற்றியொண்ணு. நம்ம ஊரில் மொய் என்றால் திருப்பிச் செய்யணும் இல்லையா? அதனால் எழுதியவர்கள் வீட்டுப் பூனைக்கு ஏதாவது என்றால் நாங்கள் போய் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏற்கனவே ரெண்டு அழைப்பு வந்துவிட்டது. அம்மா பூனைக்கு ஆபரேஷன் முடிந்து, ஆட்டோ செலவு போக மிச்சமும் இருந்தது.

ஆரஞ்சுக் கடுவன் ஒரு மணி நேரத்தில் போய்விட்டான், எதிர்பார்த்ததுதான். ஒரு சாம்பல் குட்டி ஜூனியர் வீட்டு அப்பத்தாவிடம். இட்லி ஒரு அரிசி மண்டி அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், கல்லாப்பெட்டி மேல்தான் டியூட்டி. நாலாவது, கறுப்புப் பெட்டை. பெயர் டிகாஷன். ஒரு ஃபைனல் இயர் அக்கா ஆசையாகக் கொண்டுபோனார். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்தார். ஹவுஸ் ஓனர் 'பூனையா, வீடா?' என்று கேட்டுவிட்டாராம்.

அன்றிலிருந்து எங்கள் ஃபார்மில் முதல் கேள்வி இது: வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் ஓனரிடம் நாங்களே பேசலாமா? ரெண்டாவது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, முக்கியமாகச் சமையல்கட்டை ஆள்பவருக்கு? மூன்றாவது, நாலைந்து மாசம் ஆனதும் கருத்தடைக்கும், மூணு மாசத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் கூட்டிப் போவீர்களா? (பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் வைக்காதீர்கள். கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.)

டிகாஷனின் ஜாதகம் இன்னும் டீக்கடைச் சுவரில் இருக்கிறது. 'நிறம்: கறுப்பு, பளபளப்பு. குணம்: வாயாடி. ராத்திரி படிப்பவர்களுக்குக் கம்பெனி கொடுப்பாள். எதிர்பார்ப்பு: சகுனம் பார்க்காத குடும்பம்.' மெஸ் மூட இன்னும் பதினெட்டு நாள். மூணு கேள்விக்கும் பதில் ரெடி என்றால், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் வாங்க. பொண்ணு பார்க்க.